பனிக்கண்டத்தின் படக்கலைஞர் ஹெர்பர்ட் பாண்டிங்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஓவியனுக்குச் சுவர் எப்படியோ, புகைப்படக் கலைஞனுக்குக் கை அப்படி. கண் காட்சியைக் காணலாம். மனம் அதன் அழகை உணரலாம். ஆனால் காமிராவின் விசையைத் தட்ட வேண்டியது விரல் அல்லவா? அந்த விரலே விறைத்து உணர்விழந்து போகும் ஓரிடத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கி, உலகம் அதுவரை காணாத காட்சிகளைப் படமாக்கிக் கொண்டு வந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ஹெர்பர்ட் ஜார்ஜ் பாண்டிங்.

தென் துருவம் என்றவுடன் அமுண்ட்செனின் வெற்றியும் ஸ்காட்டின் துயர முடிவும் நம் நினைவுக்கு வருகின்றன. பனிக்குகையின் வாயில் வழியே தொலைவில் ஒரு கப்பல் நிற்கும் படத்தையும், மரக்குடிலில் மேசை முன் அமர்ந்து ஸ்காட் எழுதிக் கொண்டிருக்கும் படத்தையும் நம்மில் பலர் ஏதேனும் ஒரு நூலில் கண்டிருப்போம். அவற்றை எடுத்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. அவற்றை எடுத்த கைகள் என்ன பாடுபட்டன என்று எண்ணிப் பார்த்தவர்கள் அவரினும் சிலரே.

இளமையும் அலைச்சலும்

பாண்டிங் 1870-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை வங்கி அதிகாரி, வசதியான குடும்பம். மகனும் தந்தை வழியில் லிவர்பூல் நகரில் ஒரு வங்கியில் வேலைக்கு அமர்ந்தார். சில ஆண்டுகளிலேயே கணக்கேடுகள் அவருக்குச் சலித்துவிட்டன. கடல் கடந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று ஒரு பழத்தோட்டத்தை வாங்கினார். 1895-இல் அங்கேயே திருமணமும் செய்து கொண்டார். தோட்டமோ கைகொடுக்கவில்லை, போட்ட பணம் போயிற்று.

பொழுதுபோக்காகப் பழகிய காமிரா அப்போதுதான் அவருக்குப் பிழைப்பாக அமைந்தது. அந்நாளில் இரட்டைப் படங்களுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரு கோணங்களில் எடுத்து, அருகருகே ஒட்டி, ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவி வழியே பார்த்தால் காட்சி கண்முன் எழுந்து நிற்பது போலத் தோன்றும். இத்தகைய படங்களை விற்கும் அமெரிக்க நிறுவனங்களுக்காகப் பாண்டிங் நாடு நாடாகச் சுற்றினார். 1904–05-இல் நடந்த ருசிய – ஜப்பானியப் போரின்போது ஜப்பானியப் படையுடன் மஞ்சூரியாவுக்குச் சென்று படம் எடுத்தார். ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா எனக் கீழை நாடுகளெங்கும் அவருடைய முக்காலி ஊன்றி நின்றது. ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய நூல் 1910-இல் வெளிவந்தது.

இந்த அலைச்சலில் ஓர் இழப்பும் உண்டு. மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுப் பிரிந்த பாண்டிங், மீண்டும் அவர்களோடு சேர்ந்து வாழவே இல்லை. கலைக்குத் தம்மை முழுமையாக ஒப்படைத்தார் என்று இதனைப் புகழ்வது எளிது. வீட்டில் காத்திருந்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

டெர்ரா நோவா கப்பலில்

கேப்டன் ஸ்காட் தென் துருவப் பயணத்துக்கு ஆயத்தம் செய்து கொண்டிருந்த காலம் அது. தம் குழுவில் புவியியலாரும் விலங்கியலாரும் வானிலை அறிஞரும் இருப்பது போல, தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் ஒருவரும் இருக்க வேண்டுமென்று ஸ்காட் விரும்பினார். படங்கள் அறிவியலுக்குச் சான்றாகும். திரும்பி வந்தபின் கடனை அடைக்கப் பணமும் ஈட்டித் தரும். நாற்பது வயதான பாண்டிங்கை அவர் தேர்ந்தெடுத்தார்.

1910-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் டெர்ரா நோவா என்னும் கப்பல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. சில நாட்களிலேயே பெரும்புயல் தாக்கியது. பாண்டிங்குக்குக் கடல் பயணம் ஒத்துக் கொள்ளாது. வாந்தியும் மயக்கமும் அவரை வாட்டின. ஆயினும் ஒரு கையில் படத்தைக் கழுவும் தட்டையும், மறு கையில் வாந்தி எடுப்பதற்கான பாத்திரத்தையும் வைத்துக் கொண்டு அவர் வேலையைத் தொடர்ந்தார் என்பதை ஸ்காட் தம் நாட்குறிப்பில் வியந்து குறித்திருக்கிறார்.

கப்பல் மிதக்கும் பனிப்பரப்புக்குள் நுழைந்தது. முகப்பு பனியைப் பிளந்து செல்லும் காட்சியைச் சலனப்படமாக எடுக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் பலகைகளை வெளியே நீட்டிக் கட்டி, அவற்றின் நுனியில் காமிராவைப் பொருத்தி, கீழே கடலும் பனியும் மோதிக் கொண்டிருக்க, அந்தப் பலகையின் மேல் கிடந்தபடியே அவர் படம் பிடித்தார்.

1911 சனவரி 4-இல் கப்பல் ராஸ் தீவை அடைந்தது. கேப் எவன்ஸ் என்னும் முனையில் குடில் அமைக்கும் வேலை தொடங்கியது. மறுநாளே இரு நிகழ்ச்சிகள் நடந்தன. கரையருகே ஒரு பனிமலையில் இயற்கையாக அமைந்த குகையைப் பாண்டிங் கண்டுபிடித்தார். அதன் உள்ளிருந்து எடுத்த படமே நான் முதலில் குறிப்பிட்ட உலகப்புகழ் பெற்ற படம். குகை வாயிலில் இரு விஞ்ஞானிகள் நிற்க, வெளியே தொலைவில் டெர்ரா நோவா தெரிகிறது. அதே நாளில், நீர்மட்டத்துக்கு வந்த கொலைத் திமிங்கிலங்களைப் படமெடுக்கப் பனித்தட்டின் ஓரத்துக்குக் காமிராவோடு ஓடினார். திமிங்கிலங்கள் அடியில் புகுந்து, இரண்டடிக்கு மேல் கனமுள்ள பனித்தட்டை முதுகால் முட்டி உடைத்தன. உடைந்த துண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி, காமிராவையும் கைவிடாமல், அவர் உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தார். கப்பலிலிருந்து பார்த்துக் கொண்டிருந்தவர்கள் மூச்சு விட மறந்து நின்றனர்.

ஆனால் பாண்டிங்கின் நாள்தோறுமான பகை திமிங்கிலம் அன்று. அது கண்ணுக்குத் தெரியாத குளிர்.

குளிர் எப்படிக் கையைக் கொல்கிறது?

இவ்விடத்தில் சிறிது அறிவியல் பேசுவது பொருத்தமாகும். மார்கழிக் காலையில் முற்றத்தில் கிடக்கும் பித்தளைக் குடத்தையும் அருகிலுள்ள மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் குடம் சில்லிடுகிறது. பலகை அப்படிச் செய்வதில்லை. உலோகம் நம் விரலின் வெப்பத்தை விரைந்து கடத்திச் செல்வதே காரணம். வெளிவெப்பம் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே, அதாவது உறைநிலைக்குக் கீழ் 30 டிகிரியில் இருக்கும்போது பித்தளைத் திருகாணியைத் தொட்டால் என்னாகும்? தோலில் உள்ள ஈரம் அந்தக் கணமே உறைந்து, விரல் உலோகத்தோடு ஒட்டிக் கொள்ளும். இழுத்தால் தோல் உரிந்து வரும்.

உடலில் முதலில் விரல்கள் விறைப்பதற்கும் காரணம் உண்டு. குளிர் மிகும்போது இதயம், மூளை முதலிய உள்ளுறுப்புகளைக் காக்க உடல் முற்படுகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரலோ மெலிந்தது, அதன் பருமனை நோக்கப் பரப்பு அதிகம், எனவே வெப்பத்தை எளிதில் இழந்துவிடுகிறது. முதலில் வலி, பிறகு மரப்பு, பிறகு வெளுப்பு. வலி நின்றுவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. அதுவே ஆபத்தின் அறிகுறி. திசுக்களில் உள்ள நீர் உறைந்து, அவ்விடம் சிதைவதையே பனிக்கடி என்கிறோம். முற்றினால் விரலையே இழக்க நேரிடும்.

இதனால்தான் துருவப் பயணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையுறை அணிந்தனர். உள்ளே கம்பளி உறை, அதன்மேல் விலங்கின் மென்மயிர்த் தோலால் ஆன பெரிய உறை. வெளியுறையில் விரல்களுக்குத் தனித்தனி அறை கிடையாது. கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம். நான்கு விரல்களும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்கு உதவும். கழற்றிய உறை காற்றில் பறந்து போனால் கை போயிற்று என்று பொருள். எனவே விளக்குத் திரி நாடாவால் இரு உறைகளையும் பிணைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொண்டனர். சறுக்கு வண்டி இழுப்பவருக்கு இந்த ஏற்பாடு போதும். புகைப்படக் கலைஞருக்குப் போதுமா?

விரலோடு ஒரு போராட்டம்

அன்றைய காமிரா இன்றையது போன்றதன்று. கனத்த கண்ணாடித் தகடுகள், பித்தளைத் திருகாணிகள், சிறு விசைகள், மூடிகள். முக்காலியை நிறுத்த வேண்டும். காட்சியைக் குவியப்படுத்த வேண்டும். தகட்டுப் பெட்டியைச் செருகி, மூடியை இழுத்து, ஒளிவிட்டு, மீண்டும் மூட வேண்டும். தடித்த மயிர்த்தோல் உறைக்குள் இருக்கும் கையால் இவற்றில் பாதியைக்கூடச் செய்ய இயலாது. சலனப்படக் காமிராவோ இன்னும் கொடியது. பற்சக்கரங்களினூடே பிலிம் சுருளைக் கோத்து மாட்டுவதற்கு வெறும் விரல்தான் வேண்டும். குளிரில் பிலிமும் மொரமொரவென்று ஒடியக்கூடிய நிலையில் இருக்கும்.

பாண்டிங்கின் விரல்கள் பலமுறை மரத்துப் போயின. அப்போதெல்லாம் அவர் வேலையை நிறுத்திவிட்டு, கையைத் தம் உடைகளுக்குள் விட்டு, உடம்பின் வெதுவெதுப்பான சதையோடு ஒட்ட வைத்து, உணர்வு திரும்பும்வரை காத்திருந்தார். உணர்வு திரும்பும்போது வலி உயிரைப் பிடுங்கும். பொறுத்துக் கொண்டு, மீண்டும் திருகாணியைத் தொடுவார். பனிக்கடி பட்ட இடத்தைப் பனியால் தேய்க்க வேண்டும் என்ற தவறான நம்பிக்கை அக்காலத்தில் பரவலாக இருந்தது. தேய்ப்பது திசுக்களை மேலும் சிதைக்கும் என்பதும், உடற்சூட்டாலோ வெதுவெதுப்பான நீராலோ மீட்பதே முறை என்பதும் இன்றைய மருத்துவம் கூறுவது. தம் விரலுக்குத் தம் உடம்பையே அடுப்பாக்கிய பாண்டிங்கின் வழி சரியான வழியே.

ஒருநாள் காட்சியைக் குவியப்படுத்திக் கொண்டிருந்தபோது, அவருடைய நாவின் நுனி காமிராவின் உலோகப் பகுதியில் பட்டுவிட்டது. பட்ட கணமே ஒட்டிக் கொண்டது. வேறு வழியின்றி வெடுக்கென்று பிடுங்கினார். நாவின் நுனித் தோல் காமிராவோடு போயிற்று. கேட்கச் சிரிப்பு வரலாம். பட்டவருக்கல்லவா தெரியும்!

மூச்சும் அவருக்குப் பகையாயிற்று. குவியம் பார்க்கும்போது விட்ட மூச்சு லென்சின் மீது படிந்து நொடியில் பனித்திரையாகிவிடும். எனவே லென்சின் அருகே மூச்சை அடக்கிப் பழகினார். எண்ணெய் உறைந்து விசைகள் இறுகிவிடும் என்பதால் காமிராவின் எண்ணெயை நீக்கிவிட்டு, காரீயத்தூள் எனப்படும் கிராபைட்டைப் பயன்படுத்தினார். காமிராவை வெதுவெதுப்பான குடிலுக்குள் கொண்டு வந்தாலோ, உட்காற்றின் ஈரம் முழுதும் அதன்மேல் படிந்து நீராக வழியும். அது உலர வெகுநேரம் பிடிக்கும். அதனால் காமிராக்களைப் பெட்டியில் வைத்து வெளிக்குளிரிலேயே விட்டுவைத்தார். கருவி குளிரில் இருக்க வேண்டும். கை சூட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பாண்டிங்கின் தொழில் இரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது எனலாம்.

அந்த நேரத்தைக் குறைப்பது எப்படி? உள்ளே செய்யக்கூடிய எதையும் வெளியே செய்வதில்லை. தகடுகளை இருட்டறையிலேயே பெட்டிகளில் அடைத்துக் கொள்வது. எங்கே முக்காலியை நிறுத்துவது, யாரை எங்கே நிற்க வைப்பது என்று முன்கூட்டியே நடந்து பார்த்து முடிவு செய்வது. எல்லாம் ஆயத்தமான பிறகே கையுறையைக் கழற்றுவது. ஒரு படத்துக்கான உழைப்பு மணிக்கணக்கில் நடந்தது. விரல் வெளியே வந்தது நொடிக்கணக்கில்தான். அந்த நொடிகளில் தடுமாற்றம் கூடாது. தடுமாறினால் ஒன்று படம் போகும், அல்லது விரல் போகும்.

நீண்ட இரவும் இருட்டறையும்

ஐம்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் கொண்ட அக்குடிலில் இருபத்தைந்து பேர் வாழ்ந்தனர். அதன் ஒரு மூலையில் பாண்டிங் தம் கையாலேயே இருட்டறையை அமைத்துக் கொண்டார். அதிலேயே படுக்கையும் போட்டுக் கொண்டார். படங்களைக் கழுவ வேண்டிய நீருக்காகப் பனிக்கட்டியை உருக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் இறுதியில் கதிரவன் மறைந்தான். நான்கு மாத இரவு தொடங்கியது. அந்த இருளிலும் பாண்டிங் ஓயவில்லை. மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அதன் மின்னல் வெளிச்சத்தில் பனிமலைகளைப் படமெடுத்தார். மாலை வேளைகளில் தாம் சுற்றிய நாடுகளின் படங்களைத் திரையில் காட்டிச் சொற்பொழிவாற்றினார். ஜப்பானியத் தோட்டங்களும் பர்மாவின் பகோடாக்களும் இந்தியாவின் காசித் துறைகளும் அந்தப் பனிக் குடிலின் சுவரில் தோன்றி மறைந்தன. கங்கையில் மக்கள் நீராடும் காட்சியை, வெளியே புயல் உறுமிக் கொண்டிருக்க, கம்பளிக்குள் சுருண்டபடி அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வில்சன், பௌவர்ஸ், செர்ரி-காரார்ட் ஆகிய மூவர் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் கேப் குரோசியர் சென்றனர். உறைநிலைக்குக் கீழ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய குளிரில் ஐந்து வாரங்கள் அல்லாடித் திரும்பினர். அவர்கள் திரும்பி வந்து மேசையருகே அமர்ந்து உண்ணும் நேரத்தில் பாண்டிங் எடுத்த படம் இன்றும் உள்ளது. கறுத்து வீங்கிய முகங்கள். எங்கோ வெறித்த கண்கள். பருகு கலத்தை இறுகப் பற்றிய கைகள். குளிர் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

படத்துக்காகப் பிறர் கொடுத்த விலை

பாண்டிங்குக்குத் தோழர்கள் இட்ட செல்லப் பெயர் பான்கோ. அவர் பெயரிலிருந்து ஒரு வினைச்சொல்லையும் அவர்கள் ஆக்கிக் கொண்டனர். அவர் சொன்ன இடத்தில், சொன்ன கோலத்தில், குளிரில் விறைத்துப் போகுமளவு அசையாமல் நிற்பதே அதன் பொருள். படமெடுப்பவரின் கை மட்டுமன்று, படத்துக்கு நிற்பவரின் உடம்பும் குளிரில் வாடுகிறது என்பதை அந்தக் கேலி உணர்த்துகிறது.

கேலியோடு எல்லாம் முடியவில்லை. 1911 செப்டம்பரில், சமையற்காரர் கிளிசோல்ட் பாண்டிங்கின் படத்துக்காகப் பனிமலையின் மீது ஏறி நின்றபோது வழுக்கி விழுந்து பலத்த அடிபட்டார். துருவப் பயணத்தின் மோட்டார் வண்டிக் குழுவில் செல்ல வேண்டியவர் அவர். அடிபட்டதால் அவருக்குப் பதில் வேறொருவர் செல்ல நேர்ந்தது. சிறந்த படம் வேண்டும் என்ற வேட்கை எங்கே நிற்க வேண்டும் என்பது அன்றும் கேள்விதான், இன்றும் கேள்விதான். பாண்டிங்கைப் போற்றும் நாம் இதனை மறைத்துவிடலாகாது.

கடைசிப் படங்கள்

துருவப் பயணத்தில் தாம் உடன் செல்ல முடியாது என்பதைப் பாண்டிங் அறிவார். கனத்த கருவிகளை இழுத்துச் செல்ல அங்கே இடமில்லை. எனவே ஸ்காட், பௌவர்ஸ், டெபென்ஹாம் முதலியோருக்கு அவர் புகைப்படக் கலையைக் கற்பித்தார். எதைத் திருகுவது என்பதோடு, விறைத்த விரலோடு எப்படித் திருகுவது என்பதும் அப்பாடத்தில் அடங்கியிருக்கும் அல்லவா? சலனப்படத்துக்காக ஸ்காட், வில்சன், பௌவர்ஸ், எட்கர் எவன்ஸ் ஆகிய நால்வரையும் கூடாரத்துக்குள் அமரச் செய்து, சமைப்பதையும் உண்பதையும் உறங்கும் பைக்குள் நுழைவதையும் படம் பிடித்தார். நால்வரும் சிரித்துப் பேசியபடி கையுறைகளைக் கழற்றி மாட்டுகின்றனர். துருவத்தை அடைந்த ஐவரில் இந்த நால்வரும் இருந்தனர் என்பதும், ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை என்பதும் பின்னர் நிகழ்ந்தவை.

நவம்பர் 1-ஆம் நாள் ஸ்காட் புறப்பட்டார். 1912-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பல் வந்தபோது, ஒப்பந்தப்படி பாண்டிங் தம் தகடுகளோடும் பிலிம்களோடும் நாடு திரும்பினார்.

ஸ்காட்டும் நால்வரும் 1912 சனவரி 17-இல் துருவத்தை அடைந்தனர். ஒரு மாதத்துக்கு முன்பே, டிசம்பர் 14-இல், அமுண்ட்சென் அங்கே கொடி நாட்டிவிட்டார். தோற்ற ஐவரும் தம் கொடியின் கீழ் நின்றும் அமர்ந்தும் படமெடுத்துக் கொண்டனர். உடன் வேறு ஆளில்லை. எனவே பௌவர்ஸ் தாம் அமர்ந்த இடத்திலிருந்தே ஒரு நூலை இழுத்துக் காமிராவின் விசையைத் தட்டினார். பாண்டிங்கின் மாணவர் எடுத்த அந்தப் படத்தில் ஐவரின் முகத்திலும் வெற்றி இல்லை.

திரும்பும் வழியில் முதலில் வீழ்ந்தவர் எட்கர் எவன்ஸ். குழுவிலேயே வலிமை மிக்கவர். சறுக்கு வண்டியைத் திருத்தும்போது அவர் கையில் பட்ட வெட்டுக்காயம் ஆறவே இல்லை. பனிக்கடி சேர்ந்தது, விரல் நகங்கள் கழன்று விழுந்தன. பிப்ரவரி 17-இல் அவர் இறந்தார். அடுத்த மாதம் ஓட்ஸ் புயலுக்குள் நடந்து சென்று மறைந்தார். எஞ்சிய மூவரும் மார்ச் இறுதியில் கூடாரத்துக்குள்ளேயே மாண்டனர். பனிநாட்டில் கைக்காயம் என்பது சிறு செய்தியன்று என்பதற்கு எவன்சின் முடிவு ஒரு சான்று.

நவம்பர் 12-இல் தேடிச் சென்றவர்கள் கூடாரத்தைக் கண்டனர். உடல்களோடு நாட்குறிப்புகளும், ஒளிவிட்டும் கழுவப்படாத பிலிம்களும் இருந்தன. அவற்றைக் கேப் எவன்ஸ் குடிலுக்குக் கொண்டு வந்து கழுவியவர் டெபென்ஹாம். பாண்டிங்கிடம் கலை பயின்ற அதே டெபென்ஹாம். ஏழு மாதங்களுக்கு மேல் பனியில் புதைந்து கிடந்த பிலிமிலிருந்து இறந்தவர்களின் முகங்கள் மெல்ல மெல்லத் தோன்றிய அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள்!

புகழும் வறுமையும்

1913 பிப்ரவரியில் துயரச் செய்தி உலகை எட்டியது. பாண்டிங்குக்கு அது நண்பர்களின் இழப்பு. 1914-இல் அவர் இலண்டனில் தம் படங்களைக் காட்டிச் சொற்பொழிவாற்றினார், மக்கள் திரண்டனர், அரச குடும்பத்தின் முன்பும் அப்படங்கள் திரையிடப்பட்டன. அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. போர்முனையிலிருந்த வீரர்களுக்கு அவர் படம் காட்டப்பட்டது. ஆனால் பொதுமக்களின் நாட்டம் மாறிவிட்டது.

எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் பாண்டிங் அந்தப் பதினான்கு மாதங்களுக்கே செலவிட்டார். 1921-இல் தம் துருவ அனுபவங்களை நூலாக எழுதினார். 1924-இல் படச்சுருள்களைத் தொகுத்து முழுநீள ஊமைப்படமாக வெளியிட்டார். 1933-இல் தம் குரலிலேயே விளக்கம் சேர்த்துப் பேசும்படமாக மாற்றினார். நூல் வரவேற்கப்பட்டது, திரைப்பட முயற்சிகள் பணம் தரவில்லை. சில புதுக்கருவிகளைக் கண்டுபிடித்தும் பார்த்தார், அவையும் வாழ்வளிக்கவில்லை. 1935 பிப்ரவரி 7-இல், கடன் சுமையோடு, இலண்டனில் காலமானார்.

அவர் கையால் எடுத்த தகடுகள் மட்டும் காலத்தை வென்றன. டெபென்ஹாம் 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டின் பெயரால் துருவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவ முன்னின்று, அதன் முதல் இயக்குநராகவும் விளங்கினார். பாண்டிங்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்களை அதே நிலையம் 2004-இல் விலைக்கு வாங்கிப் பாதுகாத்து வருகிறது. ஆசிரியரின் உழைப்பு மாணவர் எழுப்பிய நிலையத்தில் வந்து சேர்ந்தது பொருத்தம்தானே! அவருடைய ஊமைப்படமும் செப்பனிடப்பட்டு 2011-இல் மீண்டும் திரைக்கு வந்தது.

நாம் அறிய வேண்டுவது

இன்று பனிநாட்டில் படமெடுப்பவருக்கு வசதிகள் பெருகிவிட்டன. விரல் நுனியை மட்டும் திறந்து மூடும் கையுறைகள் உண்டு. இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது எழும் வெப்பத்தைக் கொண்டே கையைச் சூடேற்றும் சிறு பொட்டலங்கள் உண்டு. கண்ணாடித் தகடும் இல்லை, இருட்டறையும் வேண்டியதில்லை. எனினும் விசையைத் தட்டுவது இன்றும் மனித விரல்தான். உலோகம் வெப்பத்தைக் கடத்துவதும் மாறவில்லை. மின்கலமும் கடுங்குளிரில் விரைவில் சோர்ந்துவிடுகிறது. உடம்பு முழுதும் சூடாக இருந்தால்தான் கைக்கு இரத்தம் வரும். ஈரக்கையுறை தீது. மரத்த விரலை உடனே கவனிக்க வேண்டும். ஆயத்தம் முடியாமல் கையுறையைக் கழற்றலாகாது. நூறாண்டுக்கு முன் பாண்டிங் வலியால் கற்ற இப்பாடங்களில் ஒன்றும் பழையதாகிவிடவில்லை.

பாண்டிங் குளிருக்கு அஞ்சாதவர் அல்லர். அதற்கு அஞ்ச வேண்டிய அளவு அஞ்சியவர். கையைக் காப்பது கோழைத்தனம் என்று அவர் எண்ணவில்லை. அதுவும் தம் கலையின் ஒரு பகுதி என்றே கொண்டார். சோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாயைக் கையாளும் மாணவர்க்கும், பட்டறையில் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும், வயலில் அரிவாள் பிடிக்கும் உழவர்க்கும் இது பொருந்தும். மணிக்கணக்கான ஆயத்தமும், தேவையான நொடியில் தயங்காத துணிவும் சேர்ந்தால்தான் செயல் நிறைவேறும். ஆயத்தமில்லாத துணிவு விரலைப் பறிக்கும். துணிவில்லாத ஆயத்தம் படத்தைத் தராது.

அந்தப் பனிக்குகைப் படத்தை இனி எங்கேனும் காண நேர்ந்தால், குகையையும் கப்பலையும் பார்த்தபின், படத்தில் தெரியாத ஒன்றையும் நினைத்துக் கொள்வோம். காமிராவின் பின்னால், கையுறையைக் கழற்றிய ஒரு கை இருந்தது.